‘ஒரு அம்பது கூடை வந்திருக்கும்’

ஐயா, வணக்கம்.

தண்டையார்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். ஆங்கிலப் பேட்டிகளை ஸ்பானிஷில் மொழிபெயர்க்கிறேன். ‘சார்ட் ஆஃப்’ (ஒரு மாதிரி), ‘ஆர் ஸோ’ (அவ்வளவு இருக்கும்), ‘அரவுண்ட்’ (சுமார்) என்று எது வந்தாலும் ‘மாஸ் ஓ மேனோஸ்’ (ஏறக்குறைய) என்றே போடுகிறேன். பிழை இல்லை, ஆனால் யாரும் இப்படிப் பேசுவதில்லை என்கிறார் திருத்துபவர். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தோழருக்கு,

ஆங்கிலச் சொல்லை விடுங்கள். பேசியவர் எதைத் திட்டமாகச் சொல்லாமல் விட்டார் என்று பாருங்கள். எண்ணையா, நேரத்தையா, தன் மனசையா?

எண் என்றால் நம் பக்கத்துப் பேச்சே கைகொடுக்கும். காசிமேட்டில் ‘ஒரு அம்பது கூடை வந்திருக்கும்’ என்போம். ஸ்பானிஷில் அது ‘ஆப்ரான் யெகாதோ ஊனாஸ் சிங்குவெந்தா செஸ்தாஸ்’. ‘ஊனாஸ்’ என்பது ‘ஒரு’வின் பன்மைதான், நம்மைப் போலவே எண்ணுக்கு முன்னால் வைக்கிறார்கள். ‘ஆப்ரான் யெகாதோ’ அப்படியே நம் ‘வந்திருக்கும்’: வடிவம் எதிர்காலம், பொருள் ஊகம். ‘செரான் லாஸ் செய்ஸ்’ என்றால் ‘மணி ஆறு இருக்கும்’. ஆங்கிலம் பெரும்பாலும் தனிச்சொல் போட்டுச் சொல்வதை இங்கே வினையே சொல்லிவிடுகிறது. நம் ‘இருபத்துச் சொச்சம்’கூட அங்கே உண்டு, ‘வெய்ந்தே இ பீக்கோ’ என்று. எனக்கு இது பெரிய சந்தோஷம்.

ஆனால் எல்லா இடத்திலும் பொருந்தாது. ‘ஒரு ஆறு மணிக்கு வா’ என்பதில் ‘ஊனாஸ்’ வராது. ‘ஆ எஸோ தே லாஸ் செய்ஸ்’ என்று வரும். ஸ்பெயினில் ‘சோப்ரே லாஸ் செய்ஸ்’ சகஜம், மெக்சிகோவில் ‘கோமோ ஆ லாஸ் செய்ஸ்’. யாருக்காக மொழிபெயர்க்கிறீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனசு விஷயம்தான் கஷ்டம். ஒருவர் ‘ஐ சார்ட் ஆஃப் மிஸ் ஹிம்’ (அவன் இல்லாதது ஒரு மாதிரி இருக்கு) என்கிறார். அவருக்கு ஏக்கம் குறைவில்லை, சொல்லத்தான் கூச்சம். ‘மாஸ் ஓ மேனோஸ்’ போட்டால் ஏக்கமே அரைகுறை ஆகிவிடும். லத்தீன் அமெரிக்கப் பேச்சில் ‘கோமோ கே லோ எக்ஸ்த்ராஞோ’ என்றால் அந்தக் கூச்சம் ஓரளவு வரும்.

வெறும் இழுவையாக வரும் ‘சார்ட் ஆஃப்’பைத் தாராளமாக விட்டுவிடுங்கள். எண்ணோடு வருவதை மட்டும் விடவே கூடாது. விபத்தைப் பார்த்தவர் ‘நாற்பது பேர் இருக்கும்’ என்று சொல்லி, நீங்கள் ‘நாற்பது பேர்’ என்று எழுதினால், அவர் எண்ணாத கணக்கை அவர் வாயில் வைத்துவிடுகிறீர்கள். அச்சில் வந்தபின் அந்த எண்ணுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.