எந்த சிம் எடுக்கலாம்?

கேள்வி: நாங்கள் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். வீட்டுக்குள் சிக்னல் நிற்பதே இல்லை. மகள் உயர்தரம் படிக்கிறாள், ஸூம் வகுப்பு பாதியில் அறுந்துவிடுகிறது. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை, ராத்திரிதான் பேசுவார். இப்போது இருப்பது டயலொக் 077. கூட 075 ஒன்று எடுக்கச் சொல்லிக் கடையில் சொன்னார்கள். டயலொக், மொபிடெல், ஹட்ச், எது நல்லது அண்ணா?
- ஒரு வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, ஹட்டனில் போன் திருத்தும் என் கடையிலும் இதே கேள்விதான் தினமும். ஒரு கம்பனியின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல் பிரிவில், நன்றாக எடுக்கிற சிம் கீழ்க்கணக்கில் செத்துக் கிடக்கும். கோபுரத்துக்கும் உங்கள் லய வீட்டு வரிசைக்கும் நடுவே ஒரு மலை முதுகு நின்றால் போதும், எந்தக் கம்பனியாக இருந்தாலும் கதை ஒன்றுதான்.

அதனால் காசு கொடுக்குமுன் இரவல் வாங்கிப் பாருங்கள். உங்கள் லயத்திலேயே வேறு வேறு சிம் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். அந்த போனை மகள் உட்கார்ந்து படிக்கிற இடத்திலேயே வைத்து, ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு ஒரு வீடியோ ஓடவிடுங்கள். பகலில் எல்லாரும் மலையில் நிற்கும்போது நன்றாக ஓடுவதை நம்ப வேண்டாம். ராத்திரி ஊரே போனைத் திறக்கும், அப்போது ஓடுகிற சிம்தான் உங்களுக்கு உதவும். வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திருப்திப்படவும் வேண்டாம். தகரக் கூரை சிக்னலை நிறையவே தடுக்கும். வாசலில் மூன்று கோடு காட்டுவது அடுப்படிக்குப் போனால் ஒன்றாகிவிடும். மகளின் மேசையைக் கோபுரம் இருக்கிற பக்கத்து ஜன்னலோரம் போட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஒரு சின்ன 4ஜி ரவுட்டர் வாங்கி அந்த ஜன்னலில் வையுங்கள். பிள்ளை உயர்தரம் வரை வந்திருக்கிறாள், அதற்குச் செலவழிக்கலாம்.

இனி 075. அது எயார்டெல் நம்பர். எயார்டெல் 2024இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. 077 இருக்கும்போது 075 எடுத்தால் அதே கம்பனிக்குத்தான் இன்னொரு தரம் ரீலோட் போடுவீர்கள். 072உம் 078உம் அப்படித்தான், இரண்டுமே இப்போது ஹட்ச். இரண்டாவது சிம் வேண்டுமென்றால் மொபிடெல் 071 அல்லது ஹட்ச் 078 பக்கம் பாருங்கள்.

இரண்டாவது சிம் கட்டாயம் வேண்டும் என்பேன். 2025 நவம்பரில் டித்வா புயல் அடித்தபோது மலையகத்தில் எத்தனை வீட்டார் பிள்ளைகளின் குரலைக் கேட்காமல் தவித்தார்கள்! மரம் விழுந்து கரண்ட் போனால் கோபுரம் பெட்டரியில் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு அதுவும் நின்றுவிடும். வேறு கம்பனி சிம் ஒன்று இருந்தால் வழி பிறக்கலாம். சில மலைகளில் ஒரே கோபுரத்தில் இரண்டு கம்பனியும் தொங்கும், அங்கே இரண்டும் சேர்ந்தே போகும். அதையும் ஊரில் விசாரியுங்கள். அந்த சிம்முக்கு அவ்வப்போது சின்ன ரீலோட் போட்டு வைக்க வேண்டும், நெடுநாள் சும்மா விட்டால் நம்பரையே வெட்டிவிடுவார்கள்.

டேட்டா பெக்கேஜ் எடுக்கும்போது மொத்த ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள். அதில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் ஓடும் என்று போட்டிருப்பார்கள். மகளின் வகுப்பு நேரத்துக்கு எவ்வளவு என்று கடையில் கேட்டு வாங்குங்கள். உங்கள் அவரும் அதே கம்பனி சிம் வைத்திருந்தால், ஒரே கம்பனிக்குள் பேசும் பெக்கேஜில் கோல் காசு மிஞ்சும்.

சிம்மை உங்கள் அடையாள அட்டையிலேயே எடுங்கள். கடைக்காரர், கங்காணி, தெரிந்தவர் என்று யார் பெயரிலும் வேண்டாம். தோட்டங்களில் இது நிறைய நடக்கிறது. போன் தொலைந்தால் அதே நம்பரை மறுபடி எடுக்கப் பெயருக்கு உரியவர்தான் போக வேண்டும். வங்கி அனுப்புகிற ரகசிய எண்ணும் அந்த நம்பருக்குத்தான் வரும்.

இவ்வளவு செய்தும் சிக்னல் நிற்காவிட்டால், எந்தக் கணக்கு, எந்த நேரம் என்று குறித்து முதலில் கம்பனிக்குச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் முறையிடலாம். லயத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து சொன்னால் இன்னும் நல்லது.