அமைதி வேண்டும் என்பதும் ஆசைதானே?

கேள்வி: எனக்கு 44 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு வேலை. எட்டு மாதமாக அதிகாலை 4.30 மணிக்கு எழுந்து 40 நிமிடம் மூச்சைக் கவனித்துத் தியானம் செய்கிறேன். செல்போன் ஆப்பில் 211 நாள் விடாமல் செய்ததாகக் கணக்கு ஏறியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்தவுடன் ஆயிரம் நினைப்பு. போன வாரம் தியானத்தின் நடுவே என் ஒன்பது வயது மகள் வந்து ஏதோ கேட்டாள்; கத்திவிட்டேன். "தியானம் பண்ணாதப்பதான் நீங்க நல்லாப் பேசுவீங்கப்பா" என்றாள். ஆசைதான் துன்பத்துக்குக் காரணம் என்கிறார் புத்தர். அமைதி வேண்டும் என்பதும் ஆசைதானே? நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் கேள்வியை உங்களுக்கு முன்பே ஒருவர் கேட்டிருக்கிறார். கோசாம்பி நகரத்துத் தோட்டம் ஒன்றில் புத்தரின் சீடர் ஆனந்தர் தங்கியிருந்தபோது உண்ணாபர் என்ற பிராமணர் வந்தார். ஆசையை விட வேண்டும் என்று விரும்புவதும் ஆசைதானே, அப்படியானால் இதற்கு முடிவே இல்லையே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: "இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு இருந்ததா?" இருந்தது. "வந்து சேர்ந்த பிறகு?" அடங்கிவிட்டது. சம்யுத்த நிகாயம் என்ற பழைய பௌத்த உரைத் தொகுப்பில் இருக்கிறது இந்த உரையாடல். ஆகவே அமைதியை விரும்பியதில் குற்றமில்லை. விடியற்காலையில் உங்களை எழுப்பி உட்கார வைப்பதே அந்த விருப்பம்தான். உட்கார்ந்த பிறகும் 'அமைதி வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா' என்று நிமிடத்துக்கு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல்.

நடப்பதை விழிப்போடு கவனிப்பதை இப்போது எல்லோரும் மைண்ட்ஃபுல்னெஸ் என்கிறோம். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதற்கு 'ஸதி' என்று பெயர். வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம் அது. அடிப்படைப் பொருள் நினைவு. எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். மூச்சில் இருந்த மனம் ஜிஎஸ்டி கணக்குக்கு ஓடிவிடுகிறது. சற்றுக் கழித்து 'அட, மூச்சை விட்டுவிட்டோமே' என்று நினைவு வருகிறது. அந்த நினைவு வருவதுதான் ஸதி! நீங்கள் தோல்வி என்று எண்ணி நொந்துகொள்கிற அதே கணம். 40 நிமிடத்தில் அது முப்பது முறை நடந்தால், முப்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

கோபத்துக்கும் இதே வழிதான். ஸதியைப் பழகுவது பற்றிப் புத்தர் சொன்ன 'ஸதிபட்டான சுத்த' என்ற உரையில், மனத்தைக் கவனிப்பது பற்றிய பகுதியில், கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ள மனம் என்று அறிய வேண்டும் என்றுதான் வருகிறது. கோபமே வராத ஆளாக வந்து உட்காரச் சொல்லவில்லை. மகள் கதவைத் திறந்ததும் தாடை இறுகியிருக்கும், நெஞ்சு சூடாகியிருக்கும். அதைப் பார்த்திருந்தால் அதுவும் தியானத்தில் சேர்த்திதான். நடப்பது, சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது எல்லாவற்றையும் அந்த உரை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரு பிள்ளையின் குரல் மட்டும் எப்படி இடையூறாகும்?

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சோணர் என்ற இளம் துறவி, செல்வக் குடும்பத்துப் பிள்ளை. பாதத்தில் ரத்தம் கசியும் அளவுக்கு நடந்து நடந்து தியானம் செய்தார். ஒன்றும் கைகூடவில்லை. வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தார். புத்தர் வந்து, "வீட்டில் வீணை வாசிப்பாயே, தந்தியை மிகவும் முறுக்கினால் நாதம் வருமா?" என்று கேட்டார். வராது. மிகவும் தளர்த்தினாலும் வராது. முயற்சியும் அப்படித்தான் என்றார். (அந்தக் காலத்து வீணை, நம் யாழைப் போல வில் வடிவில் இருந்த கருவி.)

உங்கள் தந்தி மிகவும் முறுகிப்போயிருக்கிறது. முதலில் அந்த 211-ஐ விடுங்கள். ஆப்பை அழித்தாலும் சரி. பகலெல்லாம் கணக்கு பார்க்கிறவருக்கு விடியற்காலையிலும் ஒரு கணக்கு எதற்கு? 40 நிமிடத்தை 15 ஆக்குங்கள். இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பதினொன்றைத் தாண்டும் என்றால் 4.30-ஐயும் விட்டுவிடுங்கள். தூக்கம் போதாத உடம்பில் எரிச்சல்தான் முதலில் வரும். கதவைத் தாழிடாதீர்கள், மகள் வந்தால் வரட்டும். அப்புறம், இப்படித் தளர்த்திய பிறகும் சில வாரங்களுக்குத் தூக்கம் பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதைத் தியானத்தால் மட்டும் சரிசெய்ய முயல வேண்டாம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? அன்று அவள் 'ஏதோ' கேட்டாள் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்க வந்தாள் என்று இன்றைக்கு அவளிடமே கேளுங்கள்.