‘தானாக ஆறும் கண்ணாடி’யை நம்பி வாங்கலாமா?

கேள்வி: என் போன் திரையில் மூலையிலிருந்து குறுக்கே ஒரு விரிசல். கடையில் ‘செல்ஃப் ஹீலிங் கிளாஸ்’ என்று ஒரு ஸ்கிரீன் கார்டைக் காட்டி, ஒட்டினால் எல்லாம் தானாக ஆறிவிடும் என்கிறார்கள். ஜப்பானில் கையால் அழுத்தினாலே உடைந்த கண்ணாடி சேர்ந்துகொள்கிறதாமே, என் திரையும் சேருமா?

பதில்: சேராது. கடைக்காரர் காட்டியது அநேகமாகக் கண்ணாடியே இல்லை. டிபியு என்கிற, ரப்பர் போல இழுபடும் பிளாஸ்டிக் பிலிம். வாங்கும் முன் ஓரத்தை வளைத்துப் பாருங்கள், காகிதம் போல வளைந்தால் பிலிம்தான். அதன்மேல் நகத்தால் லேசாகக் கீறினால் குழி விழும், கொஞ்ச நேரத்தில் மேலெழும்பிவிடும். சாவி ஆழமாகக் கிழித்தால் கிழிந்தது கிழிந்ததுதான். அடியில் இருக்கும் திரைக்கோ அதனால் எந்த வைத்தியமும் கிடையாது.

ஜப்பான் சேதி உண்மை. 2017 டிசம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தகுசோ ஐடா குழு ‘சயன்ஸ்’ இதழில் அதை வெளியிட்டது. யூ யனகிசாவா என்ற மாணவர் பசை தயாரிக்கப் போனார். அதற்காகச் செய்த பொருளை வெட்டி, அந்தத் துண்டுகளை 21 டிகிரியில் 30 வினாடி கையால் அழுத்தியதும் அவை ஒட்டிக்கொண்டன. ஓரிரு மணி நேரத்தில் பழைய பலமும் திரும்பியது. பொருளின் பெயர் பாலியீதர் தயோயூரியா, அதாவது ஒருவகை பிளாஸ்டிக். செய்திகளில் அது ‘கண்ணாடி’ ஆகிவிட்டது.

அப்படிச் சொன்னது முழுத் தவறும் இல்லை. நாம் கண்ணாடி என்றால் ஜன்னலையும் டம்ளரையும் நினைக்கிறோம். வேதியியலில் அது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு நிலையின் பெயர். கல்கண்டையும் ஆரஞ்சு மிட்டாயையும் பாருங்கள். இரண்டும் சர்க்கரைதான். கல்கண்டில் மூலக்கூறுகள் நிதானமாக வரிசைகட்டிப் படிகமாகியிருக்கின்றன. மிட்டாயில் பாகு சட்டென்று ஆறியதால் வரிசைக்கு நேரம் கிடைக்கவில்லை, நின்ற இடத்திலேயே உறைந்துவிட்டன. ஆக, மிட்டாய் ஒரு கண்ணாடி. பஞ்சு மிட்டாயும் அப்படித்தான். இந்தக் கணக்கில் அக்ரிலிக் தகடும் கண்ணாடிதான்!

அப்புறம், ஐப்பசி மழையில் மிட்டாய் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் என்ன ஆகும்? ஈரம் ஏறி மேற்பரப்பு இளகி, எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொள்ளும். விரிசல் ஆறுவதும் கிட்டத்தட்ட இதுதான். மூலக்கூறுகள் கொஞ்சம் நகர முடிந்தால்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகோக்கும். சிக்கல் அங்கேதான். கெட்டியான பொருளில் நகர இடமில்லை, நகர இடமிருந்தால் கெட்டியில்லை. ஐடா குழு தேர்ந்தெடுத்த தயோயூரியா, பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறு சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்கிற லேசான ஈர்ப்புகளால் கோக்கிறது. அவை ஒவ்வொன்றும் பலவீனமானவை, ஆனால் ஏராளம். கோணல்மாணலாக அமைவதால் படிகமாவதில்லை. அறை வெப்பத்திலேயே அறுந்து அறுந்து ஆள் மாற்றிக்கொள்கின்றன. அதனால் கெட்டியும் இருக்கிறது, ஒட்டவும் செய்கிறது.

உங்கள் திரையின் கதை வேறு. அது சிலிக்கானும் ஆக்சிஜனும் இறுகப் பின்னிய வலை. சாதாரண ஜன்னல் கண்ணாடியே இளகத் தொடங்க 550 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் போன் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விரிசலில் பசை ஊற்றி மறைக்கும் வீடியோக்களிலும் நடப்பது கண்கட்டுதான். கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் பசை இடைவெளியை நிரப்புவதால் கோடு மங்குகிறது, அவ்வளவே.

இப்போதைக்கு விரிசல்மேல் அகலமான செல்லோடேப் ஒட்டுங்கள், விரலில் சில்லு ஏறாது. படங்களையும் எண்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் திரையை மாற்றுங்கள். புதுத் திரைக்கு, போனை அடிக்கடி கீழே போடுபவர் என்றால் டெம்பர்ட் கிளாஸ் போதும். பையில் சில்லறையோடு போட்டு வைப்பவர் என்றால் அந்த பிலிமையே வாங்கலாம், கண்ணாடி விலை கொடுக்காமல்.