நடித்துக் காட்டினால் ஆவணப்படம் இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் நடந்த ஆவணப்படப் போட்டிக்கு நான் நடுவராகப் போயிருந்தேன். கல்குவாரி விபத்து பற்றிய ஒரு படத்தில், விபத்து நடந்த இரவை மாணவர்களே நடித்துக் காட்டியிருந்தார்கள். உள்ளதை உள்ளபடி காட்டுவதுதான் ஆவணப்படம் என்று சொல்லி அதை முதல் சுற்றிலேயே நீக்கிவிட்டோம். பின்னணிக் குரலோ பேட்டியோ இல்லாத இன்னொரு படத்துக்குப் பரிசு கொடுத்தோம். நாங்கள் செய்தது சரிதானே?
– வாசகர், நாமக்கல்

பதில்: சரியில்லை. பரிசு வாங்கிய படம் நல்ல படமாகவே இருக்கலாம், அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. இன்னொன்றை நீக்கியதற்கு நீங்கள் சொன்ன காரணம்தான் தவறு. அந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் ஆவணப்பட வரலாற்றின் பெரிய படங்களில் பாதியை நீங்கள் வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

எரோல் மோரிஸ் 1988-ல் எடுத்த 'தி தின் புளூ லைன்' படத்தைப் பாருங்கள். 1976 நவம்பரில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், முகப்பு விளக்கு போடாமல் வந்த காரை நிறுத்திய ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ராண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மோரிஸ் அந்த இரவை நடிகர்களை வைத்து எடுத்தார், அதுவும் ஒரு தடவை இல்லை. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பேசப் பேச, அதே சாலை, அதே கார், அதே துப்பாக்கிச் சூடு திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறி. உடன் வந்த பெண் போலீஸ் காரை விட்டு இறங்கியிருந்தாரா, உள்ளேயே உட்கார்ந்திருந்தாரா? அவர் கையிலிருந்த மில்க்‌ஷேக் காற்றில் சுழன்று போய்த் தரையில் சிதறுவதை மெதுவாகக் காட்டுகிறார் மோரிஸ். அலங்காரத்துக்காக வைத்த ஷாட் மாதிரி தெரியும். ஆனால் அவர் எங்கே இருந்தார், எதைப் பார்த்திருக்க முடியும் என்ற கேள்வியே அந்தக் கோப்பையில்தான் இருக்கிறது. சாட்சி சொன்னதைப் படமாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன், எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்பது நம் கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. வெறும் பேட்டிகளாக ஓடியிருந்தால் இது இவ்வளவு பளிச்சென்று பிடிபட்டிருக்காது.

படத்தின் கடைசியில் காட்சியே கிடையாது. ஒரு டேப் ரெக்கார்டரின் க்ளோசப், அதிலிருந்து வரும் ஒரு குரல், அவ்வளவுதான். ஆடம்ஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னவன், ஆடம்ஸ் குற்றமற்றவர் என்பது தனக்குத் தெரியும் என்ற அளவுக்கு வந்துவிடுகிறான். 1989-ல் ஆடம்ஸ் விடுதலையானார். அந்தப் படம் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை. உங்கள் குழு சொன்ன காரணத்தைத்தான் அன்றைக்கும் பலர் சொன்னார்கள்.

மறுநடிப்பை விட்டுவிடுவோம். நடிகரே இல்லாத படத்தில் எல்லாம் தானாக நடக்கிறதா? யூத இன அழிப்பைப் பற்றிய இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அலென் ரெனே 1955-ல் எடுத்த 'நைட் அண்ட் ஃபாக்' அரை மணி நேரம்தான். புல் முளைத்துக் கிடக்கும் நாஜி வதைமுகாம்களை வண்ணத்திலும், பழைய படங்களைக் கறுப்பு வெள்ளையிலும் மாற்றி மாற்றிக் காட்டும். மேலே ஒரு பின்னணிக் குரல். 1985-ல் வந்த கிளோத் லான்ஸ்மனின் 'ஷோவா' ஒன்பது மணி நேரத்துக்கு மேல். பழைய படம் ஒன்றுகூட வேண்டாம் என்று பிடிவாதமாக ஒதுக்கிவிட்டு, உயிர் பிழைத்தவர்களையும் ஊர்க்காரர்களையும் பேச வைத்தார்.

அந்தப் பேச வைத்தலில்தான் விஷயம் இருக்கிறது. ஆப்ரகாம் போம்பா ஒரு முடிதிருத்துநர். ட்ரெப்ளிங்கா முகாமில், நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்ட பெண்களின் முடியை வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்தப்பட்டவர். லான்ஸ்மன் அவரைச் சந்தித்தபோது தொழிலை விட்டு ஓய்வு பெற்றிருந்தார். இஸ்ரேலில் ஒரு முடிதிருத்தும் கடையை வாடகைக்கு எடுத்து, நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, போம்பாவின் கையில் கத்தரியைக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார் லான்ஸ்மன். கத்தரி அசைந்துகொண்டே இருக்கிறது, போம்பா ஒரு கணக்கு ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே போகிறார். கூட வேலை செய்த இன்னொரு முடிதிருத்துநரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த நாளைச் சொல்லப் போகும்போது வாயடைத்துவிடுகிறது. முடியாது என்கிறார். கண்ணையும் முகத்தையும் துடைத்துக்கொள்கிறார். லான்ஸ்மன் விடவில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிறார். கேமராவும் அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

இதைக் கொடுமை என்று சொன்னவர்கள் உண்டு. அந்த வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனாலும் லான்ஸ்மன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். கத்தரியைக் கையில் பிடிக்காமல் ஒரு சோபாவில் உட்கார்ந்திருந்தால், போம்பா அந்தக் கணக்கு ஒப்பிப்போடு நிறுத்தியிருப்பார். கடை வாடகைக் கடை என்று எனக்குத் தெரிந்த பிறகும் அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யாகவில்லை.

நீங்கள் பிடிக்க வேண்டிய அளவுகோல் இதுதான்: படத்துக்குப் பின்னால் நடந்த ஏற்பாடு தெரிய வந்தால், படம் சொன்ன விஷயம் நிற்குமா, விழுமா? ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) இதில் ஓரளவு விழுகிறது. பனிக்கட்டி வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்று ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டிப் படம் எடுத்தார்; அதில் எனக்குக் குறையில்லை, அன்றைய கேமராவால் அவ்வளவுதான் முடியும். ஆனால் அவர் படம் பிடித்த, கனடாவின் வடகோடிப் பனிப் பிரதேசத்து இனுயிட் மக்கள் ஏற்கெனவே துப்பாக்கி வைத்து வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஈட்டியோடு மட்டும் காட்டினார். கிராமபோன் இசைத்தட்டைக் கண்டறியாதவர் போல நாயகன் கடித்துப் பார்க்கும் காட்சியும் உண்டு. அந்த மனிதரின் உண்மைப் பெயர் நானூக் இல்லை, அல்லாகரியால்லாக். ஒரு மக்கள் கூட்டம் எப்படி வாழ்ந்தது என்பதையே மாற்றிச் சொன்னது மன்னிக்கக் கூடியது அல்ல.

அப்புறம், நீங்கள் பரிசு கொடுத்த பாணி. குரலும் பேட்டியும் இல்லாவிட்டால் படம் நடுநிலை என்று நினைத்துவிட்டீர்கள். அந்தப் பாணியில் ஃப்ரெடரிக் வைஸ்மனை மிஞ்ச ஆள் இல்லை. மாசச்சூசெட்ஸில் மனநோய்க் கைதிகளை அடைத்து வைத்திருந்த இடத்தில் அவர் எடுத்த 'டிட்டிகட் ஃபாலீஸ்' (1967) படத்தில், சாப்பிட மறுக்கும் ஒரு கைதிக்கு மூக்கில் குழாய் விட்டு உணவு ஊற்றுகிறார்கள். ஊற்றும் மருத்துவரின் வாயில் சிகரெட், சாம்பல் புனலுக்கு மேலே தொங்குகிறது. அந்தக் காட்சிக்கு நடுவே, அதே மனிதர் பின்னால் இறந்து போய், அவர் உடலைச் சவரம் செய்து அடக்கத்துக்குத் தயார் செய்யும் துண்டுகளை வெட்டி வெட்டிச் சேர்த்திருக்கிறார் வைஸ்மன். உயிரோடு இருந்தவரைவிடப் பிணத்துக்குத்தான் அங்கே கவனிப்பு அதிகம். யாரும் நடிக்கவில்லை, யாரும் விளக்கவில்லை. ஆனால் இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை ஒரு பின்னணிக் குரலால் வைக்க முடியாது. அது முழுக்க எடிட்டிங் மேஜையில் எடுத்த முடிவு. கைதிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் தடை போட்டது. 1991 வரைக்கும் பொதுமக்களுக்குக் காட்ட முடியவில்லை.

ஆகவே அந்த மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்த இரவில் நடந்ததாக அவர்கள் நடித்துக் காட்டியது யார் சொன்னதை வைத்து, காயம்பட்ட தொழிலாளியா, குவாரி முதலாளியா, செய்தித்தாளா? அது நடிப்பு என்று பார்ப்பவருக்குத் தெரியும்படி எடுத்திருக்கிறார்களா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்ன இடத்தில் என்ன செய்தார்கள்? இதற்கெல்லாம் ஒழுங்கான பதில் வந்தால் படத்தைத் திரும்பப் போட்டியில் சேருங்கள், முடிவு அறிவித்தாகிவிட்டது என்றால் தனியாக ஒரு திரையிடலாவது வையுங்கள். பரிசு வாங்கிய படத்தை எடுத்தவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: எத்தனை மணி நேரம் எடுத்தீர்கள், அதில் எதையெல்லாம் வெட்டினீர்கள்?