சீட்டில் கையெழுத்துப் போட்டால் என்ன தப்பு? – வாசகர் கேள்வி பதில்

ஐயா, ஞாயிறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "உபத்திரவம் வந்தா வாயால மட்டும் இயேசுவை இல்லைன்னு சொல்லிட்டு மனசுக்குள்ள வச்சுக்கிட்டா என்ன டீச்சர்? ஆண்டவருக்கு மனசு தெரியாதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. — ஞாயிறு பள்ளி ஆசிரியை, மார்த்தாண்டம்

அந்தப் பையனைத் திட்டாமல் விட்டீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி. அவன் கேட்ட இதே கேள்வி கி.பி. 250-இல் ரோமப் பேரரசு முழுக்க வீட்டுக்கு வீடு எழுந்தது. டேசியஸ் பேரரசன் ஓர் ஆணை போட்டான். எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பானபலி ஊற்ற வேண்டும், படைத்ததில் கொஞ்சம் வாயில் போட வேண்டும், அப்புறம் இதையெல்லாம் செய்ததாக அதிகாரிகளிடம் ஒரு சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீட்டுகளில் நாற்பதுக்கும் மேல் எகிப்தில் பாப்பிரஸ் துண்டுகளாகக் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் 72 வயது தியோகெனெஸ் என்பவரின் பெயரும் ஊரும், வலது புருவத்தில் தழும்பு என்ற அங்க அடையாளமும்கூட இருக்கிறது. முதலைத் தெய்வத்தின் பூசாரிப் பெண் ஒருத்தியே சீட்டு வாங்கியிருக்கிறாள் என்றால், யாரையும் விடவில்லை என்று புரிகிறது அல்லவா?

அந்தச் சீட்டில் இயேசுவைத் திட்டச் சொல்லவில்லை. அவர் பெயரே அதில் கிடையாது. "நான் இதுவரை தேவர்களுக்குப் பலியிட்டே வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னால் செய்தேன்" என்பதுதான் வாசகத்தின் சாரம். வசதியுள்ள கிறிஸ்தவர்கள் பலர், பலிபீடத்துப் பக்கமே போகாமல், காசு கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிவிட்டார்கள். கை படவில்லை, வாய் படவில்லை, மனதில் இயேசு அப்படியே இருக்கிறார் என்பது அவர்கள் வாதம். உங்கள் பையனின் வாதமும் அதுதான். வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரத்துப் பேராயர் சிப்ரியான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுப்பதும் மறுதலிப்புதான் என்றார். நானும் அவர் பக்கம்தான். "இருதயத்திலே விசுவாசிக்கப்படும், வாயினாலே அறிக்கைபண்ணப்படும்" என்று ரோமர் 10:10 இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆண்டவருக்கு உங்கள் மனசு தெரியும், சரி. பக்கத்து வீட்டில் சீட்டு வாங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கிற விதவைக்கு உங்கள் மனசு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிவதெல்லாம் நீங்கள் சீட்டு வாங்கிவிட்டீர்கள் என்பது மட்டும்தானே.

அதே சமயம் போனா என்ற பெண்ணின் கதையையும் அவனுக்குச் சொல்லுங்கள். அதே ஆப்பிரிக்காவில், அதே நாட்களில், புருஷனே அவளைப் பலிபீடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். கையைப் பிடித்து வலுக்கட்டாயமாகப் பலியிட வைத்தார்கள். அவளோ "நான் செய்யவில்லை, நீங்கள்தான் செய்தீர்கள்" என்று கத்தினாள். நாடு கடத்திவிட்டார்கள். கை எதைத் தொட்டது என்று யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை, அவள் பெயர் சிப்ரியானுக்கு வந்த கடிதத்தில் மரியாதையோடு எழுதப்பட்டிருக்கிறது.

உபத்திரவ நேரத்தில் ஊரைவிட்டுப் போவது கோழைத்தனமா? எங்கள் சபையில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது. — வாசகர், திருநெல்வேலி

இல்லை. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று மத்தேயு 10:23-இல் ஆண்டவரே சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன சிப்ரியானும் 250-இல் ஒளிந்துகொண்டவர்தான். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்று அன்றைக்கும் பேசினார்கள். அவரோ மறைவிடத்திலிருந்து கடிதம் மேல் கடிதம் எழுதிச் சபையைக் கட்டிக் காத்தார். வலேரியன் பேரரசன் காலத்தில் மறுபடி உபத்திரவம் வந்தபோது தன் ஊரிலேயே, தன் சபையார் கண்முன்னே சாக வேண்டும் என்று நின்றார். 258 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பு வாசித்ததும் "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொன்னார். தன் தலையை வெட்டப்போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் முழங்கால் போட்டார். ஓடினவரும் அவர்தான், நின்றவரும் அவர்தான். எப்போது எது என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

எனக்கு வேண்டிய ஒருவர் குடும்ப நெருக்கடி தாங்காமல் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று எல்லார் முன்பும் சொல்லிவிட்டார். இப்போது அழுதுகொண்டு ஆராதனைக்கு வருகிறார். "இரத்தம் சிந்தினவர்களோடு இவரும் சமமா?" என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் இந்த மாதம் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கார்த்தேஜில் டேசியஸின் ஆணை வந்த அன்றைக்கு, யாரும் பிடித்து இழுக்கும் முன்னே விசுவாசிகள் தாங்களாகவே கூட்டமாய்ப் பலியிட ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னதற்கும், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினவர்கள் இருந்தார்கள். சிப்ரியானே வேதனையோடு இதை எழுதி வைத்திருக்கிறார். சொத்தும் நீண்ட நாள் சமாதானமும் நம்மை இளக்கிவிட்டது என்பது அவர் கணிப்பு. அடுத்த வருஷமே இவர்களில் நிறையப் பேர் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நோவேசியன் என்பவர், விழுந்தவர்களுக்குச் சபையில் இனி இடமே இல்லை என்று பிரிந்தே போய்விட்டார். இன்னொரு பக்கம், ஒரு கேள்வியும் இல்லாமல் உடனே சேர்த்துக்கொள் என்று நெருக்கினவர்கள். 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் இரண்டையும் ஏற்கவில்லை. சீட்டு மட்டும் வாங்கினவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்களோ நீண்ட காலம் மனந்திரும்புதலில் இருக்க வேண்டும், சாகுந்தறுவாயில் இருந்தால் சபையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

ஆனால் கொஞ்ச காலத்தில் புது உபத்திரவம் வரும் போலத் தெரிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? மனந்திரும்பிக் காத்திருந்த எல்லோரையும் திருவிருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்துவின் இரத்தத்தை இவர்களுக்குக் கொடுக்க மறுத்துவிட்டு, கிறிஸ்துவுக்காக உன் இரத்தத்தைச் சிந்து என்று எந்த வாயால் கேட்பது என்பதே அவர்கள் சொன்ன காரணம். சபை வரலாற்றில் இதைவிட அழகான வாதத்தை நான் படித்ததில்லை.

உங்கள் ஆள் போதகரிடம் போய் மனம்விட்டுப் பேசட்டும். முணுமுணுக்கிறவர்களுக்கு, சேவல் கூவின இரவில் பேதுருவே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததைத் தைரியமாக நினைவுபடுத்துங்கள்.

இரத்தசாட்சிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வருவதில்லை, பயம்தான் வருகிறது. நான் நிற்க மாட்டேன் என்றே தோன்றுகிறது. — கல்லூரி மாணவி, நாகர்கோவில்

மகளே, பயப்படுவது அவிசுவாசம் இல்லை. 203-இல் அதே கார்த்தேஜ் சிறையில், விசுவாசத்துக்காக மிருகங்களுக்கு இரையாகத் தீர்ப்புப் பெற்றிருந்த ஃபெலிசித்தா என்ற அடிமைப் பெண், எட்டு மாதத்தில் பிரசவ வலி வந்து கதறினாள். "இதற்கே இப்படி அழுகிறாயே, மிருகங்கள் முன்னால் என்ன செய்வாய்?" என்று சிறை ஆள் ஒருவன் கேலி செய்தான். "இப்போது படுகிற பாட்டை நான் படுகிறேன். அப்போது எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் பாடுபடுவார்" என்றாள். அவள் அழாத பெண் இல்லை, கவனி. அவளோடு இருந்த பெர்பெத்துவாவும் கைக்குழந்தைக்காக ஏங்கியவள்தான், நரைத்த தலையோடு தகப்பன் வந்து கெஞ்சியபோது அவருக்காக வருந்தியவள்தான்.

உங்கள் ஊர்ப் பக்கமே பார். தேவசகாயம் பிள்ளை விசுவாசத்துக்காக 1749 பிப்ரவரியில் பிடிபட்டார், ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டது 1752 ஜனவரி 14. நடுவில் கிட்டத்தட்ட மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்கான பெலன் மொத்தமாக முதல் நாளே கையில் கிடைத்திருக்காது. உனக்கு இன்றைக்குத் தேவைப்படுவது ஹாஸ்டல் அறையில் படுக்கும் முன் வெட்கப்படாமல் ஜெபிக்கிற தைரியம் என்றால், அதை மட்டும் கேள்.

உபத்திரவப்படும் குடும்பங்களுக்கு ஜெபம் தவிர நாங்கள் என்ன செய்யலாம்? — வாலிபர் குழு, தூத்துக்குடி

சிப்ரியான் மறைவிடத்திலிருந்து எழுதின முதல் வேலைகளே இவைதான்: சிறையில் இருப்பவர்களுக்கும் ஏழைகளுக்கும் பணம் குறையக் கூடாது. பார்க்கப் போகிறவர்கள் கும்பலாகப் போகக் கூடாது, சந்தேகம் வந்தால் கதவையே அடைத்துவிடுவார்கள், மூப்பரும் உதவிக்காரரும் முறைவைத்து ஆள் மாறி மாறிப் போகட்டும். அதையே செய்யுங்கள். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், வக்கீல் செலவு, இதில் எது நிற்கிறது என்று கேட்டு அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அவர்களைக் கேட்காமல் அவர்கள் பெயரையும் புகைப்படத்தையும் ஜெபக் குறிப்பு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.