குதிகால் வலிக்கு எக்ஸ்ரேயில் தெரியும் ‘முள்’தான் காரணமா?

கேள்வி: எனக்கு 44 வயது. துணிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை. நாலு மாதமாக இடது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் உயிர் போகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது, ராத்திரி வீடு திரும்பும்போது மறுபடியும் வலி. எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஊசி போட்டுக்கொள்ளலாமா, ஆபரேஷன் செய்ய வேண்டுமா? சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: முதலில் அந்த முள்ளைப் பற்றிய பயத்தை விடுங்கள். குதிகாலில் வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரே எடுத்தால் அதே முள் தெரியும். அது உள்ளே குத்துவது உங்கள் வலிக்குக் காரணம் அல்ல. எனவே அதை வெட்டி எடுக்கும் பேச்சுக்கே இப்போது இடமில்லை.

நீங்கள் சொல்லும் அந்த முதல் அடி வலி, ‘பிளான்டர் ஃபேசியைடிஸ்’ என்ற தொந்தரவின் அடையாளம். குதிகால் எலும்பின் அடியிலிருந்து கால்விரல்கள் வரை தடித்த சவ்வு ஒன்று ஓடுகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். நாள் முழுக்கக் கெட்டியான தரையில் நிற்கும்போது, அது எலும்போடு சேரும் இடம் இழுபட்டு இழுபட்டு நைந்துபோகிறது. தூங்கும்போது பாதம் தளர்ந்து கிடப்பதால் சவ்வும் சுருங்கியே இருக்கும். விடிந்ததும் உடம்பின் எடை மொத்தமும் ஏறினால் வலிக்காமல் என்ன செய்யும்? உடல் எடை கூடியவர்களுக்கும், தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கும், கெண்டைக்கால் தசை இறுகிப் போனவர்களுக்கும் இது அதிகம்.

ஆகவே வைத்தியம் கட்டிலிலேயே தொடங்க வேண்டும். காலைத் தரையில் வைக்கும் முன், வலிக்கும் காலைத் தூக்கி மற்ற தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். கையால் விரல்களைக் கணுக்கால் பக்கமாக மேல்நோக்கி வளையுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தொட்டால் சவ்வு கயிறு போல் விறைத்துத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் இன்னும் வளைக்கலாம். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கடையில் வெகுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் செய்யலாம். பிறகு சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல், குதிகால் தரையில் பதியும்படி முன்னால் சாயுங்கள். கெண்டைக்கால் இழுபடும். அரை நிமிடம் போதும். இரண்டு நாள் செய்துவிட்டுப் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். வாரக்கணக்கில் செய்தால்தான் மாற்றம் தெரியும்.

டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். அடுப்படியில் செருப்பா என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனி ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பு நல்லது. இரண்டாக மடிக்க வருகிற அளவுக்குத் தொளதொளவென்று இருப்பதை வாங்காதீர்கள், பாதத்தின் வளைவை அது தாங்காது. கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டுமென்றால் காலடியில் தடித்த ரப்பர் விரிப்புக் கேளுங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். முதலாளி தரும் சலுகை அல்ல அது.

சர்க்கரை என்று எழுதியதைப் படித்ததும் எனக்குச் சூடான செங்கல்தான் நினைவுக்கு வந்தது. செங்கல்லைச் சுட்டு, எருக்கிலை வைத்து மிதிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருந்தால் சூடு தெரியாமல் தோல் வெந்து புண்ணாகிவிடும். உங்களுக்கு வேண்டவே வேண்டாம். மாலையில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைக்கலாம். பாதம் மரத்திருந்தால் அதுவும் கூடாது. மருந்துக்கடையில் வலி மாத்திரையைத் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஆகாது.

ஊசி? ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களுக்கு நன்றாக இருக்கும். ஆனால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வே கிழியலாம், குதிகாலின் கொழுப்பு மெத்தை தேய்ந்துபோகலாம். நான் அதை முதல் வழியாகச் சொல்லமாட்டேன். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிறது.

குதிகால் வலி எல்லாமே இந்த வகை அல்ல. குதிகாலின் பின்பக்கம் வலித்தால் கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் ‘அக்கிலிஸ்’ தசைநாரைப் பார்க்க வேண்டும். எட்டு வயது முதல் பதினான்கு வரை ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு வளரும் எலும்பே நோகும், அது தானாகச் சரியாகும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரைமணிக்கு மேல் விறைத்திருந்தால் வாத நோய் நிபுணரிடம் போக வேண்டும். எரிச்சலும் மரமரப்பும் இருந்தால் நரம்புத் தொந்தரவாக இருக்கலாம். பழக்கமில்லாமல் பழனிக்குப் பாதயாத்திரை போய்வந்த பின் தொடங்கிய வலி, குதிகாலின் இரு பக்கமும் சேர்த்து அழுத்தினால் கூடுகிறது என்றால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். அதற்கு ஓய்வுதான் வைத்தியம், மேலே சொன்ன பயிற்சி ஆகாது. வீக்கம், சிவப்பு, காய்ச்சல், ஓய்விலும் குறையாத ராத்திரி வலி, பாதத்தில் புண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.