பழைய எஞ்சினை மலிவாக வாங்கி வேலை பார்ப்பது லாபமா?

கேள்வி: என்னிடம் 2008-ஆம் ஆண்டு வேகன் ஆர் பெட்ரோல் கார் உள்ளது. சில மாதங்களாக எஞ்சின் ஆயில் குடிக்கிறது, நீலப்புகையும் வருகிறது. முழு எஞ்சின் வேலைக்கு 55,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். சென்னை புதுப்பேட்டையில் ஒரு கடையில் இதே எஞ்சின் 15,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. "பிஸ்டன் ரிங் மட்டும் மாற்றினால் போதும்" என்கிறார் கடைக்காரர். அதை வாங்கி வேலை பார்த்துப் பூட்டிக்கொள்ளலாமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில்தான் கணக்கு தவறுகிறது. வேலை பார்க்க வேண்டிய எஞ்சின் எதுவானாலும் லேத் பட்டறைக் கூலி, பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் செட், டைமிங் பெல்ட், இறக்கி ஏற்றும் கூலி ஆகியவை ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே கடை எஞ்சினுக்கும் முழு வேலை தேவைப்பட்டால், உங்கள் செலவு 70,000 ரூபாயில் போய் நிற்கும். உங்கள் எஞ்சினின் பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ கிராங்க் ஷாஃப்ட் கெட்டிருந்தாலோ வேறொன்றைத் தேடுவதில் பொருள் உண்டு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் அவை எதுவும் தெரியவில்லை.

முதலில் உங்கள் எஞ்சினுக்கு, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டர்களின் அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றுக்கொன்று சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பது நல்லதல்ல. குறைவாகக் காட்டும் சிலிண்டரில், பிளக் துளை வழியாகச் சிறிதளவு ஆயில் விட்டு மீண்டும் அளக்கும்போது அழுத்தம் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கிறது என்றும், ஏறாவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு என்றும் கொள்ளலாம். கம்ப்ரஷன் சரியாக இருந்து, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து பிறகு அடங்கிவிடுகிறது என்றால், வால்வ் சீல் கெட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்கு முழு எஞ்சின் வேலை தேவையே இல்லை. இந்தப் பரிசோதனை செய்யாமல் 55,000 என்று சொல்லப்பட்டிருந்தால், அந்தத் தொகையை நான் நம்ப மாட்டேன்.

"ரிங் மட்டும்" என்ற பேச்சையும் அப்படியே ஏற்க வேண்டாம். சிலிண்டர் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புது ரிங் அதில் சரியாக உட்காராது. சில மாதங்களிலேயே ஆயில் குடிப்பது திரும்பிவிடும். ரிங் போதுமா, சிலிண்டரைக் கடைந்து சற்றுப் பெரிதாக்கும் ரீபோர் வேண்டுமா என்பதை லேத் பட்டறையில் சிலிண்டரின் விட்டத்தை அளக்கும் போர் கேஜ் வைத்துப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். கடை வாசலில் நின்று சொல்ல முடியாது.

இதற்குப் பிறகும் அந்த எஞ்சினை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ஹெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்டன் தலையில் படிந்த கரியைத் துணியால் துடைத்தால், ஏற்கெனவே ரீபோர் செய்த எஞ்சினில் பெரும்பாலும் 0.25 அல்லது 0.50 என்று ஓவர்சைஸ் அளவு (எத்தனை மில்லிமீட்டர் பெரிதாக்கப்பட்டது என்பது) பொறித்திருக்கும். 0.50 இருந்தால், அடுத்த வேலைக்கு அந்த பிளாக்கில் இடம் இருக்காது, சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புது உட்குழாய் போட வேண்டிவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியிலுள்ள ஆயில் சம்ப்பையும் பேரிங் மூடிகளையும் கழற்றினால் கிராங்க் பேரிங்குகளின் பின்புறத்திலும் இதுபோன்ற அளவு தெரியும். சம்ப்பின் அடியில் உலோகத் துகள் மின்னினால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். எல்பிஜியிலும் ஓடும் வேகன் ஆர் டூயோ வண்டியிலிருந்து இறக்கியதா என்றும் கேளுங்கள். எல்பிஜியில் வால்வ் சீட் விரைவாகத் தேய வாய்ப்புண்டு. உங்கள் வண்டிக்குரியது 1061 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். 2010-இல் வந்த வேகன் ஆரில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர் கே சீரிஸ் எஞ்சின். "வேகன் ஆர் எஞ்சின்" என்ற பெயரில் அதைத் தலையில் கட்டிவிடக் கூடாது.

செலவழிப்பதா வேண்டாமா என்பதை ஆர்.சி.யைப் பார்த்தும் முடிவு செய்ய வேண்டும். 2023-இல் புதுப்பித்திருந்தால் அது 2028 வரை செல்லும். அதன் பிறகு 20 ஆண்டு கடந்த கார் என்பதால், 2025-இல் திருத்தப்பட்ட விதிப்படி புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். எஞ்சின் வேலைக்குப் போட்ட பணம் விற்கும்போது திரும்பி வராது. எனவே அடித்தகடு துருப்பிடிக்காமல், வண்டியை நீங்களே 2028 வரை ஓட்டுவதாக இருந்தால், உங்கள் எஞ்சினுக்கே வேலை பாருங்கள். தகடு அரித்திருந்தால் இருக்கும் நிலையிலேயே விற்றுவிடுங்கள்.

கேள்வி: எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டுமா? கடைக்காரர் பில் தர மறுக்கிறார்.
– கடலூர் வாசகர்

பதில்: கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, அனுமதி பெறாமல் எஞ்சினை மாற்றியவர் 14 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எஞ்சினில் உள்ள எண்ணும் வேறுபட்டால் எஃப்.சி.யிலும் காப்பீட்டிலும் சிக்கல் வரும். எஞ்சின் எண் குறிப்பிட்ட பில் இல்லாமல், அது திருட்டு வண்டியிலிருந்து வந்ததல்ல என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யவும் அந்த பில்தான் முதல் சான்று. பில் தராத கடையில் எஞ்சின் வாங்காதீர்கள்.